கழற்றிய மெசூசாவை மீண்டும் மாட்டும்போது

அன்புள்ள நண்பா,

மகளுக்கு வரன் முடிவான செய்தி படித்து மகிழ்ந்தேன். நான் வருவது இங்கே நான் கவனித்துக்கொள்ளும் யூதப் பெரியவரின் உடல்நிலையைப் பொறுத்தது. அவருடைய மகன் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார், பார்க்கலாம்.

எருசலேமில் இப்போது வெயில் தணிந்துவிட்டதால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அதற்கு முன்பே பெரியவர் எல்லா வாசல்களிலும் இருந்த மெசூசாக்களைக் கழற்றி, எது எந்த அறைக்குரியது என்று சீட்டு ஒட்டிவிட்டார். யூதர்களின் வேதநூல்களில் ஒன்றான உபாகமத்தின் இரு பகுதிகளை எழுதிய தோல் சுருள்தான் மெசூசா. மொத்தம் 22 வரிகள், 713 எழுத்துகள், அத்தனையும் கையெழுத்து. உள்ளே நுழையும்போது வலப்புறம் வரும் நிலைக்காலில் அதைப் பொருத்துவார்கள். ஏழு ஆண்டுகளில் இருமுறை சோதிக்க வேண்டும் என்பது அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான தல்மூதின் விதி. கழற்றியதுதான் கழற்றினோம் என்று, இந்தச் சுருள்களை எழுதும் எழுத்தரிடம் சோதிக்கக் கொடுத்தோம். சமையலறைச் சுருளில் ஓர் எழுத்தின் மை வெடித்திருந்தது. ஓர் எழுத்து உடைந்தாலும் அந்தச் சுருள் செல்லாது.

பிறகுதான் வழக்கு ஆரம்பித்தது. மாட்டும்போது ஆசி, அதாவது இறைவனைப் போற்றும் சிறு மந்திரம், சொல்ல வேண்டுமா? புதுச் சுருள் என்றால் சொல்ல வேண்டும், அதில் பேச்சே இல்லை. பழைய சுருளே திரும்பி வந்தால்தான் சிக்கல். எதிர்வீட்டு மொராக்கோக்காரர், 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ எழுதிய சட்டநூலைக் கொண்டு வந்துவிட்டார். உடனே மறுபடி போர்த்தும் எண்ணத்தோடு தொழுகைச் சால்வையைக் களைந்தாலும், போர்த்தும்போது மீண்டும் ஆசி சொல்ல வேண்டும் என்கிறது அது. மெசூசாவும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. நம் பெரியவரின் முன்னோர் போலந்துக்காரர்கள். அதே பக்கத்தில் கிராகோவின் மோசே இசர்லெஸ் சேர்த்த குறிப்பில் விரலை வைத்தார்: திரும்பப் போர்த்தும் எண்ணம் இருந்தால் ஆசி வேண்டாம் என்போரும் உண்டு. மெசூசாவுக்கும் அதே நியாயம்தானே என்றார். சுருள் தானாகக் கழன்று விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே எண்ணம் என்று ஒன்று இல்லை, எனவே புதிதாகச் சொல்லச் சொல்பவர்கள் பலர்.

ஆசியில் ஐயம் வந்தால் சொல்லாமல் விடு என்பதுதான் இவர்களின் பொது விதி. ஆசியில் இறைவன் பெயர் வருகிறதே, அதை வீணாக உச்சரித்துவிடக் கூடாது என்ற அச்சம். ஒரு மந்திரம் கூடினால் புண்ணியம்தானே என்று வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கனம் விசித்திரம். ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியவர் கண்டுபிடித்த வழியைக் கேள். சமையலறைக்கான புதுச் சுருளை முதலில் எடுத்து, மற்ற வாசல்களையும் மனத்தில் வைத்து, ஒரே ஆசியைச் சொல்லிப் பொருத்தினார். நடுவில் பேசக் கூடாதாம். வாயில் விரல் வைத்து எனக்குச் சைகை காட்டியபடியே அறை அறையாக நடந்தார். நான் திருகாணிகளை நீட்டினேன், முறுக்கியது அவர் கைதான். செல்லாத சுருளைக் குப்பையில் போடுவதில்லை, புதைப்பார்கள். எழுத்தரே எடுத்துக்கொண்டார்.

மொராக்கோக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்துதான் ஜெப ஆலயம் போனார்கள், வழியெல்லாம் இதே வாதம்.

அம்மாவின் கண் அறுவையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. கட்டு பிரித்துவிட்டார்களா?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி