ஆண்டறிக்கை: பிராணனையும் ஆன்மாவையும் படித்த ஆண்டு

தலைவர் அய்யா அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயலாளர் என்ற முறையில் நம் படிப்பு வட்டத்தின் ஓராண்டு வேலையை அவையின் முன் வைக்கிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேலே உள்ள அதே மாடி அறையில்தான் இந்த ஆண்டும் கூடினோம். வாடகை பாக்கி இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் மட்டும் கூட்டம் வைக்கவில்லை. டீ, தட்டுவடை செட் செலவை உறுப்பினர்களே முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்றி.

சரி, படித்ததற்கு வருகிறேன். இந்த ஆண்டு கீதையைத் திரும்ப எடுப்பதாகத்தான் பேச்சு இருந்தது. அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் அண்ணன் கேட்ட கேள்வி அதை மாற்றிவிட்டது. அவருடைய அம்மா கடைசி நாட்களில் வென்டிலேட்டரில் இருந்தவர். "மூச்சை மெஷின் விட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்போ எங்கம்மா உள்ளே இருந்தாங்களா, இல்லையா? நம்ம சாஸ்திரத்துல இதுக்குப் பதில் இருக்கா?" என்றார். யாரும் உடனே வாய் திறக்கவில்லை. அதுவே மரியாதை என்று நினைக்கிறேன். அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதைவிட, மூச்சாக இயங்கும் பிராணனையும் ஆன்மாவையும் பற்றி நூல்கள் என்னதான் சொல்கின்றன என்று வரிசையாகப் படிப்போம் என்று முடிவு செய்தோம்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் 5-ஆம் அத்தியாயத்தில் தொடங்கினோம். புலன்களுக்குள் யார் பெரியவர் என்று சண்டை. வாக்கு ஓராண்டு வெளியே போய்விட்டுத் திரும்புகிறது. மற்றவை ஊமையைப் போல வாழ்ந்திருக்கின்றன. கண் போகிறது, காது போகிறது, மனமும் போகிறது. எப்படியோ காலம் ஓடிவிடுகிறது. கடைசியில் பிராணன் கிளம்பப் பார்க்கிறது. நல்ல குதிரை தன்னைக் கட்டிய முளைகளைப் பிடுங்குவதுபோல் மற்ற எல்லாவற்றையும் வேரோடு அசைத்துவிடுகிறது. கோடையில் ஏற்காடு போயிருந்தபோது, சேர்வராயன் கோயில் பக்கத்துப் புல்வெளியில் நம் வீட்டுப் பிள்ளைகள் இதை நாடகமாகப் போட்டார்கள். பிராணனாக நடித்த சிறுமிக்கு வசனமே கிடையாது. ஒரு காலைத் தூக்கினாள், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் எல்லாம் பொத்துப் பொத்தென்று புல்லில் விழுந்தார்கள். அவள் காலைக் கீழே வைக்காமலே நின்றாள். படுத்துக் கிடந்தவர்கள் "போகாதே, போகாதே" என்று கெஞ்சினார்கள். உரைநூல் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்தப் பிள்ளை ஒற்றைக் காலில் காட்டிவிட்டாள்.

அடுத்து பிரச்ன உபநிடதம். ஆறு பேர் பிப்பலாத முனிவரிடம் போகிறார்கள். அவர்களில் கௌசல்யர் கேட்பது மூன்றாவது கேள்வி: இந்தப் பிராணன் எங்கிருந்து வருகிறது? ஆளிடமிருந்து நிழல் போல, ஆன்மாவிலிருந்து என்கிறார் முனிவர். அது ஐந்தாகப் பிரிந்து வேலை செய்கிறது. பிராணன் கண், காது, வாய், மூக்கில். அபானன் கழிவு உறுப்புகளில். சமானன் நடுவில் நின்று உண்டதைச் சமமாகப் பங்கிடுகிறது. வியானன், உடம்புக்குள் பிராணன் ஓடும் பாதைகளான நாடிகளில் ஓடுகிறது. உதானன் சாகும்போது வினைக்கேற்ற உலகத்துக்கு மேலே கொண்டுபோகிறது. இதயத்தில் 101 நாடிகள், ஒவ்வொன்றுக்கும் நூறு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் 72,000 உட்கிளை என்று கணக்கு வருகிறது. பெருக்கிப் பார்த்தால் உட்கிளை மட்டும் 72 கோடியே 72 லட்சம். இதை நரம்பு, ரத்தக்குழாய் என்று உடற்கூறு படத்தோடு பொருத்திப் பார்க்க சிலருக்கு ஆசை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் உடம்புக்குள் கவனத்தைத் திருப்புகிறவனுக்குச் சொன்ன கணக்கு அது. அறுவை மேசைக்குச் சொன்னதல்ல.

இந்த ஐந்தும் தனிப்பொருளே அல்ல, மனம், புத்தி போன்ற உட்கருவிகளின் பொதுச் செயல் என்று சாங்கிய தத்துவம் சொல்வதையும், பிராணன் வெறும் காற்றும் அல்ல, வெறும் செயலும் அல்ல என்று வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் மறுப்பதையும் சுருக்கமாகப் பார்த்தோம்.

அண்ணனின் கேள்வியை நேராகத் தொட்ட இடங்கள் இரண்டு. ஒன்று கடோபநிடதம். பிராணனாலோ அபானனாலோ எந்த மனிதனும் வாழ்வதில்லை. இவ்விரண்டும் எதைச் சார்ந்து நிற்கின்றனவோ, அந்த வேறொன்றால் வாழ்கிறான் என்று சிறுவன் நசிகேதனுக்கு எமன் சொல்கிறான். இன்னொன்று சாந்தோக்கியத்தின் 6-ஆம் அத்தியாயம். நோயில் கிடப்பவனைச் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து, "என்னைத் தெரிகிறதா, என்னைத் தெரிகிறதா" என்று கேட்கிறார்கள். அவனுடைய வாக்கு மனதிலும், மனம் பிராணனிலும், பிராணன் வெப்பத்திலும், வெப்பம் பரம்பொருளிலும் ஒடுங்காத வரைக்கும் அவனுக்குத் தெரிகிறது என்கிறது நூல். முதலில் அடங்குவது பேச்சு. பேச்சு அடங்கியதாலேயே ஆள் போய்விட்டார் என்று இந்த வரிசை சொல்லவில்லை. அந்தப் பகுதியை அண்ணன் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மெஷின் விடும் மூச்சைப் பற்றி எந்த ரிஷியும் பேசவில்லை. அப்படிப் பேசியதாக நாமும் சொல்லக்கூடாது. ஆனால் மூச்சு வேறு, ஆள் வேறு என்பதில் எமன் உறுதியாக இருக்கிறான்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது, நல்ல எதிர்ப்பு. அஸ்தம்பட்டியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா கௌஷீதகி உபநிடதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே இந்திரன் பிரதர்தனன் என்ற அரசனிடம், "நானே பிராணன், அறிவே வடிவான ஆன்மா" என்கிறான். பிராணனும் ஆன்மாவும் வேறு என்று நீங்கள் எப்படி முடிவு கட்டினீர்கள் என்று கேட்டார். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் இதே இடத்தை எடுத்து, இங்கே பிராணன் என்பது பிரம்மத்தையே குறிக்கிறது என்று தீர்க்கிறது. அம்மாவுக்கு அது முழுத் திருப்தி இல்லை. அந்த விவாதம் இன்னும் திறந்தே இருக்கிறது.

இந்த ஆண்டு எனக்குப் பெரிய நிறைவு தந்தது சைவ சித்தாந்தத்தின் தலைநூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம்தான். 13-ஆம் நூற்றாண்டு நூல். 12 சூத்திரம், மொத்தமே 40 வரி. மூன்றாம் சூத்திரம் முழுக்க உயிர், அதாவது ஆன்மா, உண்டு என்பதற்கான வாதம். 'இல்லை' என்று சொல்லவே ஒருவர் வேண்டும். 'என் உடல்' என்கிறோம், ஆகவே உடலே நான் அல்ல. ஒரு புலன் அறிவதை இன்னொரு புலன் அறியாது. ஐந்தையும் அறிவது வேறு. அப்புறம் நமக்கு வேண்டிய இடம்: "கண்படில் உண்டிவினை இன்மையின்". தூங்குகிறவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் இன்ப துன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே உயிராக இருந்தால், அது ஓடும்போது இவையும் நடக்க வேண்டுமே? ஆகவே பிராணன் உயிரல்ல. நாம் தினமும் ராத்திரி கண்கூடாகக் காண்பதை வைத்தே வாதத்தை முடித்துவிட்டார். கடைசி வாதம் இன்னும் கூர்மை: இறைவன் உணர்த்தினால்தான் உயிர் உணர்கிறது, ஆகவே அது கடவுளும் அல்ல.

இங்கேதான் சங்கரரின் அத்வைதமும் சைவ சித்தாந்தமும் பிரிகின்றன. அங்கே ஆன்மா ஒன்றே, அது பிரம்மமே. இங்கே உயிர்கள் பல, ஆணவம் என்னும் அறியாமை இருளால் கட்டுண்டவை, இறைவன் காட்டக் காண்பவை. உயிர் எவ்வளவு பெரியது என்பதிலும் நூல்கள் பிரிகின்றன. பசுவின் மயிர் ஒன்றை நூறாக்கி, அதில் ஒரு கூறை ஆயிரமாக்கினால் கிடைக்கும் அளவு என்று திருமூலர் கணக்குச் சொல்கிறார்; சுவேதாசுவதர உபநிடதம் மயிர்நுனியின் நூற்றில் ஒன்றில் நூற்றில் ஒன்று என்கிறது. இராமானுசருக்கு உயிர் அணு அளவு. நியாயம் என்னும் தர்க்க மரபின் நூலாருக்கோ அது எங்கும் நிறைந்தது. நம் கூட்டத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவைக்கப் பார்க்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அவையில் சொல்கிறேன்: தலைமுறை தலைமுறையாக வாதாடியவர்களை ஒரே வார்த்தையில் சமாதானம் செய்துவைப்பது அவர்களை மதிப்பதாகாது. வேறுபாட்டை வேறுபாடாகவே படித்துவிட்டு, அப்புறம் அவரவர் மனம் போகும் வழியில் நிற்கட்டும்.

மூச்சுப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமப் பகுதியைப் படிப்பதோடு நாம் நின்றுகொள்வது நல்லது என்பது செயற்குழுவின் கருத்து. பயிற்சியை முறையாகக் கற்றவரிடம் நேரில் கற்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இராமானுசரும், துவைதம் சொன்ன மத்துவரும் உயிரைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம் என்பது முன்மொழிவு. அமாவாசையில் உறுப்பினர் பலர் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போவதால், அன்று ஞாயிறாக இருந்தால் கூட்டத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். புத்தகம் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டிய பக்கங்களுக்கு நகல் எடுத்து வைக்கிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.