பேர் வாங்கிய வருஷத்தை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், டெக்னோ என்கிற மெஷின் தாள நடன இசைக்காரர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் பேப்பரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் வரைக்கும் போய் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க வயசும் பேரும்தான் இருந்தது. 60 தாண்டியும் மேடை ஏறுகிறார்கள், சரி, ஏறி என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்கோடு பக்கம் மைக் செட் வைத்திருப்பவன், இந்தத் தொழிலில் 40 வருஷம். ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன்தான், 'பேஸ் பாக்ஸ் டெஸ்ட் பண்ண நல்லா இருக்கும் மாமா' என்று ஒரு பென் டிரைவைக் கொடுத்தான். டெஸ்டுக்காகப் போட்டவன், அப்புறம் கடை சாத்திய பிறகும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

டெட்ராய்டும் ஓசூர் மாதிரி வண்டி செய்கிற ஊர். அதன் பக்கத்தில் பெல்வில் என்ற சின்ன ஊரில் ஒன்றாகப் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பினப் பையன்கள் 1980களில் இந்த டெக்னோவை ஆரம்பித்து வைத்தார்கள். அவர்கள் காலத்துக் கருவிகளைப் பாருங்கள். ரோலண்ட் கம்பெனியின் 303 என்ற பெட்டி, கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்க என்று வந்தது. அந்தச் சத்தம் நிஜ பேஸ் மாதிரி இல்லாததால் விற்கவில்லை, மூன்று வருஷத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி, திருகக்கூடாத அளவுக்குக் குமிழ்களைத் திருகி சிகாகோ பையன்கள் புது இசையையே எடுத்தார்கள். இவர்கள் எல்லாரும் பேர் வாங்கியதே இருந்ததை மீறித்தான். அதே ஆட்கள் அந்தப் பேரைக் காப்பாற்ற, பழைய ஹிட்டையே 30 வருஷம் போட்டால் எப்படி?

டெட்ராய்ட் டிஜே ஜெஃப் மில்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் பிறந்தவர், பேருக்குக் குறைச்சல் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கலாம். 2005இல் பிரான்ஸில் மோன்பெலியே ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார். 2018இல் நைஜீரியாவின் டிரம்மர் டோனி ஆலனோடு இசைத்தட்டு போட்டார். கையில் இருப்பது ரோலண்டின் பழைய 909 டிரம் மெஷின். முன்கூட்டியே பதிந்து வைத்ததை ஓடவிடாமல், மேடையிலேயே விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டி, ஒரு அடியைச் சேர்த்து இன்னொன்றை எடுத்து வாசிப்பதை வீடியோவில் பார்த்தேன், பம்பைக்காரர் விரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. புதுமை என்றால் புது மெஷின் வாங்குவது என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், பாட்டுகளின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க் பொத்தானை அமுக்கும் பையன்கள் டிஜேவே இல்லை என்று திட்டும் மூத்தவர்களையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காதால் கேட்டு இரண்டு தட்டின் வேகத்தை ஒன்றாக்குவது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. அதை மெஷின் பார்த்துக்கொண்டால் கை ஓய்வாகிறதே, அந்தக் கையால் என்ன செய்கிறான் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட பேர் ஒன்று இருக்கிறது, சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். 1982இலேயே அதே 303 பெட்டியையும் 808 டிரம் மெஷினையும் வைத்து பைரவ், லலித், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி 303இல் உண்டு, ராகத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று கேட்டால்தான் தெரியும். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் நெதர்லாந்தில் மறுபடி வெளியான பிறகுதான் உலகம் கொண்டாடியது, அப்போது அவருக்கு 70 வயசை ஒட்டி. 2015இல் இறந்துபோனார். அதே தட்டுதான், ஒரு ஸ்வரம் மாறவில்லை, பேர் வர 28 வருஷம். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இரண்டு ரெக்கார்டு பிளேயரை ஒட்டி வைத்து, ஒரு பாட்டு முடிகிற முன்பே அடுத்த தட்டில் முள்ளை இறக்கி, நடுவில் சத்தம் அறுந்துபோகாமல் பண்டிகை நடத்திய முதல் ஆள் அவர்தான். அவர் செட் என்றால் சுற்று வட்டாரமே வரும். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, அவர் பாட்டு வரிசையை மட்டும் மாற்றவே இல்லை. கடைசி வருஷங்களில் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள், இந்தப் பாட்டு முடியும்போதே அடுத்ததன் முதல் வரியைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒயர் பிடித்து நின்ற எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

2024இல் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல கௌரவம்தான், ஆனால் மரபு என்று ஆனபிறகு யாரும் 'இது பழசு' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். அடுத்து மூத்த கலைஞர் யாரைப் பற்றி எழுதினாலும், டிஜே ஆனாலும் நம் பென்னாகரம் பக்கத்துக் கூத்துக்காரர் ஆனாலும், பேர் வாங்கிய வருஷத்தோடு, இந்த வருஷம் புதிதாக என்ன வாசித்தார் என்றும் இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்