மூதூர் கிழக்குக்கு ஆய்வுக்கு வருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களுக்கும், நிவாரண அமைப்புகளுக்கும், அவற்றோடு கைகோர்த்து வரும் கம்பனிகளுக்கும்,

வணக்கம். அகதி வாழ்வின் பொருளாதாரத்தை ஆராயத் திருகோணமலைக்கு வருகிறீர்கள். வாருங்கள். ஆனால் ‘என்ன உதவி கிடைத்தது?’ என்று கேட்பதற்கு முதல், ‘கிடைத்ததை வைத்து என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

2006இல் போரினால் மூதூர் கிழக்கிலுள்ள சம்பூரை விட்டு ஓடிய சனம் எங்கெங்கோ அலைந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. தறப்பாளுக்குள் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம். அக்காமார் மாவில் ஒரு பங்கை விற்று மீனும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் வாங்கினார்கள். சிலர் அதே மாவில் ரொட்டி சுட்டு விற்றார்கள். பலகைத் தட்டில் வெற்றிலையும் பாதியாக வெட்டிய சவர்க்காரமும் வைத்திருந்த பெட்டிக்கடையின் கடன் கொப்பிதான் முகாமின் வங்கி. நிவாரணத்தை விற்பது குற்றம் என்று இன்னும் எழுதாதீர்கள்.

உகண்டாவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டதைப் பாருங்கள். கம்பாலா நகரத்து அகதிகளில் 21 சதவீதத்தினர் தொழில் நடத்தி மற்றவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். அப்படி வேலைக்கு அமர்ந்தவர்களில் 40 சதவீதத்தினர் உகண்டா நாட்டவர். அங்கே அகதிக்கு வேலை செய்யவும் நடமாடவும் சட்டம் இடம் கொடுத்தது. சம்பூர்ச் சனத்துக்கும் உழைக்கத் தெரியும். அவர்களுடைய காணிதான், சனம் போக முடியாதபடி படையினர் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

தனியார் துறை எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் காணியில் 818 ஏக்கர் அரசின் முதலீட்டுச் சபை ஊடாக முதலீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. 2015இல்தான் அது ரத்தானது. உரியவர்கள் அதுவரை முகாமில் கிடந்தார்கள். பிறகு பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன்காரர் வந்தார்கள். கிழமைக்குக் கிழமை தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். 2018இல் அரசே தள்ளுபடித் திட்டம் கொண்டுவரும் அளவுக்கு அந்தக் கடன் முற்றியது.

ஆகவே கம்பனிகளே, பொதி கொடுத்துப் படம் எடுப்பதை விடுங்கள். எங்கள் நெல்லையும் பாலையும் மீனையும் நியாய விலைக்கு, கைக்காசுக்கு வாங்குங்கள். நிவாரண அமைப்புகளே, கொழும்பில் ரெண்டர் போட்டு அரிசி எடுக்காமல் இங்குள்ள சங்கங்களிடம் எடுங்கள்.

ஆய்வாளர்களே, உங்கள் அறிக்கையைத் தமிழில் கொண்டுவந்து, பேட்டி தந்தவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். ஜோர்தானின் ஸாத்தாரி முகாமில் கண்ணை ஸ்கான் செய்து சாமான் வாங்கும் முறை 2016இல் வந்தது. ஓர் அகதியின் கண்ணும் கணக்கும் யார் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி அங்கே எழுந்தது போலவே இங்கேயும் எழும். ஒரு பெண் தன் கடன் கொப்பியை நம்பி உங்களிடம் நீட்டினால், அதிலுள்ள பெயரும் தொகையும் எந்தக் கம்பனிக்கும் போகக் கூடாது. உங்கள் ஆய்வுக்குப் பணம் தருபவர் அவளுக்குக் கடன் கொடுத்தவராகவும் இருந்தால், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னமே அதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூதூர் பிரதேசவாசி ஒருவர்