அந்த ‘டி’ வேறு, இந்த ‘டி’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘டி1 லைன் என்பதில் டி எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்விக்கு ‘டிஜிட்டல்’ என்று பதில் வந்திருந்தது. (டி1 என்பது பல தொலைபேசிப் பேச்சுகளை ஒரே இணைப்பில் ஏற்றிச் செல்லும் லைன்.) தவறு எங்கே நுழைந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஆங்கிலத்தின் 4ஆவது எழுத்தையும் 20ஆவது எழுத்தையும் நாம் ‘டி’ என்றுதான் எழுதுகிறோம். டி1இல் இருப்பது 20ஆவது எழுத்து. ‘டிஜிட்டல்’ தொடங்குவது 4ஆவதில்.

போதாக்குறைக்கு, அந்த லைனில் ஓடும் சிக்னலின் பெயர் டிஎஸ்1. அங்கே டி என்பது டிஜிட்டலேதான். கேபிளும், வழியில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர்களும் சேர்ந்த அமைப்புதான் டி1. அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனம், பல பேச்சுகளைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் தன் கேரியர் அமைப்புகளுக்கு எழுத்துகளையே பெயராக வைத்தது: கேபிளுக்குக் ‘கே’, பிறகு ‘என்’, கோஆக்சியலுக்கு (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை கொண்ட கேபிள்) ‘எல்’, கம்பத்தில் ஓடும் திறந்த கம்பிக்கு ‘ஓ’. இவையெல்லாம் பல பேச்சுகளை வெவ்வேறு அலைவரிசையில் ஏற்றியவை. 1962இல் சேவைக்கு வந்த டி1, நேரத்தைக் கூறுபோட்டு, பேச்சுக்கு ஒரு கூறாக அனுப்பியது. எழுத்தை விரித்தே ஆகவேண்டும் என்றால் ‘டைம்’ அதன் வேலைக்குப் பொருந்தும். சிலர் சொல்லும் ‘டிரங்க்’ (எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் லைன்) பொருந்தாது. மற்ற அமைப்புகளும் டிரங்குக்குத்தானே பயன்பட்டன? பேச்சு தேயாமல் இருக்கக் கேபிளில் 6,000 அடிக்கு ஒன்றாக இருந்த லோடிங் காயிலைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ரிப்பீட்டரை வைத்ததுதான் டி1இன் கெட்டிக்காரத்தனம். புதிதாகக் குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை.

அதே பதிலில் இருந்த ‘நம் அலுவலகங்களுக்கு வருவதும் டி1தான்’ என்ற வரியும் சரியல்ல. இந்தியாவில் வருவது அதே வேலையைச் செய்யும் இ1. இ என்றால் ஐரோப்பா, ஈதர்நெட் அல்ல. வேலை செய்பவர்கள் வாயில் அது ‘டூ எம்பி’. டி1இல் 24 பேச்சுத் தடங்கள்: தடத்துக்கு 8 பிட், ஃப்ரேமை (எல்லாத் தடங்களும் ஒருமுறை வந்துபோகும் சுற்று) அடையாளம் காட்ட ஒரு பிட், ஆக 193 பிட், நொடிக்கு 8,000 முறை போனால் 1.544 மெகாபிட். இ1இல் 32 இடங்கள், 256 பிட், 2.048 மெகாபிட். 0ஆவது இடம் ஃப்ரேமுக்கு, 16ஆவது சிக்னலிங்குக்கு (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் தகவல்). பேச்சுக்கு மிஞ்சுவது 30.

இரண்டுக்கும் ஒரே மாதிரி எட்டு முள் பிளக்தான். 1, 2 ஒரு ஜோடி, 4, 5 இன்னொரு ஜோடி. அதனால் அலுவலகத் தொலைபேசி இயந்திரத்தில் டி1 என்று செட் செய்த கார்டிலும் இ1 பிளக் சுகமாக உட்காரும். சிக்னல் வரும், ஃப்ரேம் பிடிக்காது, சிவப்பு விளக்கு அணையாது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். முதலில் கார்டின் ஜம்பரையோ (கையால் மாற்றும் சிறு இணைப்பான்) மென்பொருள் அமைப்பையோ இ1க்குக் கொண்டுவந்து, லைன் கோடை (பிட்டுகளை மின்துடிப்பாக்கும் முறை) எச்டிபி3 ஆக்க வேண்டும். பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி4 அமைப்பு இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மோடத்திலிருந்து வருவது 75 ஓம் கோஆக்சியல் என்றால், 120 ஓமுக்கு மாற்ற நடுவில் ‘பாலன்’ என்ற சிறு மாற்றி தேவை. குரல் கோடிங்கை (குரலைப் பிட்டுகளாக்கும் முறை) டி1இன் மியூ-லாவிலேயே விட்டுவிட்டால் லைன் எழும், பேச்சு மட்டும் கரகரக்கும்.

அதிகம் ஏமாற்றுவது, பிட்டுகளுக்குத் தாளம் போடும் கிளாக். அதை லைனிலிருந்து எடுக்காமல் கார்டின் சொந்தக் கிளாக்கில் ஓட விட்டால், இரு முனைக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 2.5 நொடிக்கு ஒரு ஃப்ரேம் நழுவும். பேச்சில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்துகொண்டே இருக்கும். பழி ஃபேக்ஸ் இயந்திரத்தின் மேல் விழும்.

திருத்தம் வெளியிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த லைன்களில் ஓடும் பிஆர்ஐ என்ற தொலைபேசி இணைப்பில், அழைப்புத் தகவலுக்கென்றே ‘டி சேனல்’ என்று ஒன்று உண்டு. டி1இல் அது 24ஆவது இடம், இ1இல் 16ஆவது. அந்த டி மறுபடியும் 4ஆவது எழுத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி