32 ஆம்ப்ஸ் கேட்டு வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழங்காநத்தத்தில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் 22 வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். கடை என்னுடையது இல்லை, சம்பளத்துக்கு நிற்பவன். அதனால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் முதலாளியும் உங்கள் வாசகர்தான், காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் உங்கள் பேப்பரைத்தான் விரிப்பார்.

கோடை மின் சிக்கனம் பற்றி நீங்கள் போட்ட பக்கத்தைப் படித்தேன். ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கச் சொன்னதும், ஃபில்டரைக் கழுவச் சொன்னதும் நல்ல விஷயம். ஆனால் வயரிங் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி. ஏ.சி.க்குத் தனியாக ஒரு எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுந்து லைனை வெட்டும் ஸ்விட்ச்) பொருத்திக்கொள்ளுங்கள் என்று. வில்லங்கம் முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஃபேன் கெப்பாசிட்டரும் எம்.சி.பி.யும்தான் ஓடும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஏ.சி. மாட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் அவசரம். மாட்டிய மறு வாரமே கடைக்கு வருவார்கள். "20 விழுந்துகிட்டே இருக்குண்ணே. 32 ஒண்ணு குடுங்க." 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. அடிக்கடி அணைந்துவிடுகிறது, 32 ஆம்ப்ஸ் வேண்டும் என்கிறார்கள். உள்ளே எத்தனை ஸ்கொயர், அதாவது எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் போயிருக்கிறது என்று கேட்பேன். "அதெல்லாம் தெரியாதுண்ணே. ஏ.சி. மாட்ட வந்தவய்ங்க பெருசாப் போடச் சொன்னாய்ங்க." இந்தப் பேச்சை ஒரு கோடைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணியதில்லை.

எம்.சி.பி. ஏ.சி.யைக் காப்பாற்ற வைத்தது என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அது காவல் காப்பது சுவருக்குள் போகிற ஒயரை. வீட்டு வயரிங்கில் வரும் சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். அந்தச் சூட்டை எட்டும் முன் ஸ்விட்ச் விழ வேண்டும். எங்கள் கடைக் கணக்குப்படி 1.5 ஸ்கொயர் ஒயருக்கு 10 ஆம்ப்ஸ், 2.5-க்கு 16, மிஞ்சினால் 20, 4 ஸ்கொயருக்கு 25. அளவு ஒயர் உறையின் மேலேயே அச்சடித்திருக்கும். பழைய கொத்தனார், வயர்மேன்கள் இன்னும் 3/20, 7/20 என்று பழைய இழைக் கணக்கில் கேட்டு வருவார்கள். 7/20 என்றால் ஏறக்குறைய இன்றைய 4 ஸ்கொயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

20 விழுகிறது என்று 32 போட்டால் என்ன ஆகும்? இதில் நானே ஒரு குற்றவாளி. நான்கு வருடத்துக்கு முன்பு, மாசி மாதம். ஊமச்சிகுளத்தில் இருக்கும் என் தங்கச்சி மகன் கடைக்கு வந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், மாடியில் குடித்தனம். "மாமா, மாடி லைன் அடிக்கடி விழுது, பெரிய ஸ்விட்ச் ஒண்ணு தாங்க" என்றான். கடையில் நல்ல கூட்டம். ரேக்கிலிருந்து ஒரு 32 எடுத்துக் கொடுத்துவிட்டேன். மருமகனிடம் காசு கூட வாங்கவில்லை, என் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடிக்குப் போனது ஒரே ஒரு 2.5 ஸ்கொயர் லைன். அதில் ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 8 ஆம்ப்ஸ், பாத்ரூமில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13, அயர்ன் பாக்ஸ் 4. மூன்றும் சேர்ந்தால் 25. காலையில் இவன் குளிக்கப் போகும் நேரத்தில் அவள் துணி தேய்ப்பாள், கொஞ்ச நேரத்தில் 20 விழும். விழுந்ததுதான் சரி. 32 போட்ட பிறகு விழவில்லை. அந்தத் தைரியத்தில் மாடியிலேயே இன்டக்‌ஷன் அடுப்பும் வாங்கி வைத்துவிட்டார்கள், அது ஒரு 9. ஆக 34.

32 என்று எழுதியிருந்தால் 33-இல் விழும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எம்.சி.பி.க்கான தர விதிப்படி, அதன் அளவைப் போல 1.13 மடங்கு கரண்ட் போனால் ஒரு மணி நேரம் வரை அது விழக் கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32-க்குக் கணக்குப் போடுங்கள். 36 ஆம்ப்ஸ் வரை ஒரு மணி நேரம் அசையாது. 46 ஆம்ப்ஸ் போனால்கூட விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 20-க்குக் காவல் வைக்க வேண்டிய ஒயரில் 34 ஓடிக்கொண்டிருந்தது, ஸ்விட்ச் பாட்டுக்குச் சும்மா நின்றது.

மூன்றாவது வாரம் தங்கச்சி போன் செய்தாள். மாடியில் மீன் வாடை வருகிறதாம். வெள்ளிக்கிழமை, வீட்டில் கவுச்சியே கிடையாது. பூனை எதையாவது தூக்கிவந்து போட்டிருக்கும் என்று கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடியிருக்கிறாள். எனக்குக் கைகால் உதறிவிட்டது. ஸ்விட்ச் பாக்ஸ், ஒயர் உறை எல்லாம் சூட்டில் வேகும்போது அழுகிய மீன் மாதிரிதான் நாறும். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஹீட்டர் பாயின்ட்டின் பிளேட் பழுப்பேறி வளைந்திருந்தது. பின்னால் பைப்புக்குள் மூன்று ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், இழுத்தால் வரவில்லை. நான் கொடுத்த 32 மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது.

மறுநாள் செல்லூரிலிருந்து ஒரு வயர்மேனை அழைத்துப் போனேன். 60 வயதைத் தாண்டியவர், அரசாங்கத்தின் மின்கம்பியாள் சான்று வைத்திருப்பவர். எம்.சி.பி.கள் வரிசையாக நிற்கும் டி.பி. பாக்ஸில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அதில் ஏ.சி.க்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று சேர்க்க வேண்டும். ஏ.சி. மாட்ட வந்த பையன்கள் பத்து நிமிடத்தில் செய்யும் வேலை. இவர் அரை நாள் எடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். 18 வருடம் எம்.சி.பி. விற்றவன் அன்றைக்குத்தான் அதை மாட்டுவது எப்படி என்று பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

முதலில் அவர் டி.பி.யைத் தொடவே இல்லை. இன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டார். மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். அதிலிருந்து வருவதும் 230 வோல்ட்தான். நம் வீடுகளில் லைட், ஃபேன் லைன்கள் அந்த டி.பி. வழியாகத்தானே போகின்றன. மெயினை அணைத்துவிட்டேன் என்று ஸ்குரூ டிரைவரோடு கையை விடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்வெர்ட்டரை நிறுத்தி, அதன் அவுட்புட்டையும் கழற்றிவிட்டு, அப்புறம்தான் மெயினை அணைத்தார்.

அதன் பிறகு, நியான் டெஸ்டரை நம்பாமல், ஹோல்டரில் பல்பு போட்டு இரண்டு ஒயர் விட்ட டெஸ்ட் லாம்பை எடுத்தார். மெயின் ஐசோலேட்டர் ஸ்விட்சில், கரண்ட் வந்து சேரும் மேல்முனையில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கீழே வைத்தார், எரியவில்லை. மறுபடி மேலே வைத்தார், எரிந்தது. "லாம்ப் கெட்டுப்போய் எரியாம இருந்தா நாம செத்தோம். அதான் முன்னாலயும் பின்னாலயும் பாக்குறது" என்றார். மீட்டரிலிருந்து மெயினுக்கு வருகிற ஒயரை நம் ஸ்விட்ச் எதுவும் அணைக்காது. அதற்கு முன்னால் இருப்பது ஈ.பி.யின் ஃப்யூஸ் கட்-அவுட். அதில் கை வைக்கும் உரிமை நமக்குக் கிடையாது. அந்தப் பக்கம் வேலை இருந்தால் செக்‌ஷன் ஆபீஸில்தான் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கும் போன் செய்யலாம்.

காலி இடங்களுக்கு மூடி இல்லாததால் உள்ளே பல்லி முட்டை போட்டிருந்தது, இரண்டு காய்ந்த ஓடு. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு சகுனம் பார்க்க ஆரம்பித்தாள். அவர் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பஸ்பார் என்று, பல் பல்லாக ஒரு செம்புப் பட்டை எல்லா எம்.சி.பி.யையும் சேர்த்துக் கடிக்கும். இந்த வீட்டில் அதை ஆறு பல்லோடு வெட்டியிருந்தார்கள். பக்கத்து எம்.சி.பி.யிலிருந்து ஒரு துண்டு ஒயரில் லூப் அடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரே ஓட்டையில் பட்டையும் ஒயரும் திணித்தால் இரண்டில் ஒன்று லூசாகத்தான் நிற்கும், லூசான இடம் சூடாகும். புதுப் பட்டை வாங்கிவரச் சொல்லி என்னைத் திரும்பக் கடைக்கு அனுப்பிவிட்டார். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் இழுத்தார். ஏ.சி.க்கு 20, ஹீட்டருக்கும் 20 போதும், 25 தேவையில்லை என்றார். பழைய மாடி லைனையும் புதிதாக இழுத்து, 32-ஐக் கழற்றிவிட்டு 16 போட்டார்.

நியூட்ரலில்தான் அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டும் ஸ்விட்ச்) இருக்கும் வீட்டில், அதன் வழியாகப் போகிற ஃபேஸுக்கு அதன் வழியாக வரும் நியூட்ரலைத்தான் சேர்க்க வேண்டும். வேறு லிங்க்கில் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்க்கும் பட்டையில்) முறுக்கினால் போட்டவுடன் ட்ரிப் ஆகும். ஆர்.சி.சி.பி. கெட்டுப்போச்சு, மாற்றிக் கொடுங்கள் என்று எங்கள் கடைக்கு வருபவற்றில் பல நல்ல பீஸ்கள், நியூட்ரல் மாறிய கேஸ்கள். ட்ரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்துவிட்டு வரும் மகான்களும் உண்டு. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டி ஆளைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான், எம்.சி.பி.யால் அது முடியாது. அதே சமயம் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடுக்கு விழாது. இரண்டும் வேண்டும். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்குரூ முறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிளேட்டை மூடிய பிறகுதான் மெயினைப் போட்டார், அப்புறம் ஒவ்வொன்றாக. ஏ.சி.யை ஒரு மணி நேரம் ஓடவிட்டு டி.பி. மூடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை. "மாடி ஏ.சி.", "மாடி ஹீட்டர்" என்று எழுதி ஒட்டிவிட்டு டீ கேட்டார்.

20 விழுவதற்கு ஓவர்லோடு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. ஸ்குரூ லூசாகி அந்தச் சூட்டிலேயே விழும். சில சமயம் மேலே B20 என்று போட்டிருக்கும். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்டுக்கே சட்டென்று விழுந்துவிடும், சி வகை 5 முதல் 10 மடங்கு போனால்தான் அப்படி விழும். ஏ.சி. கம்ப்ரஸரும் தண்ணி மோட்டாரும் கிளம்பும்போது அப்படி ஒரு இழுப்பு இழுக்கும். அங்கே B20-ஐ C20 ஆக்கினால் போதும், 32-க்குப் போக வேண்டியதே இல்லை. சி என்பது கம்பெனி பெயரா என்று கேட்டவர்களும் உண்டு.

டி.பி.யில் இடம் காலியாக இருக்கிறதே என்று எத்தனை எம்.சி.பி. சேர்த்தாலும் மீட்டரிலிருந்து வரும் ஒயர் அதற்காகத் தடித்துவிடாது. ஏ.சி. சேர்த்தால் அனுமதித்த மின்பளு போதுமா என்று ஈ.பி.யில் கேட்டு, வேண்டுமானால் கூட்டி வாங்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, புதிதாக எதையும் சேர்ப்பதை உரிமம் உள்ள கான்ட்ராக்டர் மூலம், சான்று பெற்றவர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. கவுன்டரில் நின்றுகொண்டு நான் யாரிடமும் சான்றைக் காட்டு என்று கேட்க முடியாது. ஒயரையாவது காட்டு என்று கேட்கலாம் இல்லையா?

அதனால் போன மாதம் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: "32 கேட்பவர்கள் அந்த லைனின் ஒயர் அளவைப் படம் எடுத்துவந்து காட்டவும்." முதலாளி முறைத்தார், ஆனால் கழற்றச் சொல்லவில்லை. நேற்று சாயந்திரம் ஒரு தம்பி செல்போனில் படம் காட்டினான். 1.5 ஸ்கொயர். இதற்கு 32 தர மாட்டேன், தனி லைன் இழுக்க வேண்டும் என்று செல்லூர்க்காரர் நம்பரை எழுதிக் கொடுத்தேன். சரிண்ணே என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான். இரண்டு நிமிடத்தில் சின்ன டப்பா ஒன்றோடு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினான். என்ன வாங்கினான் என்பது டப்பாவின் நிறத்திலேயே எனக்குத் தெரிந்தது.

அந்தக் கடையிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள். அடுத்த கோடைப் பக்கம் வரைக்கும் காத்திருக்காமல் இதைப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
எலக்ட்ரிகல் கடை ஊழியர்,
பழங்காநத்தம், மதுரை - 3