கச்சானுக்கு முதல் ஒருக்கா இதைப் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தோலைக் காய வைக்கிற கச்சான் காத்து தொடங்கப் போகுது, அதுக்கு முதல் இந்தக் கடிதம் வந்தா கன தாய்மாருக்கு உதவும். என்ட மகளுக்கு 9 வயசு, கைக்குழந்தையில இருந்தே கரப்பன், எக்ஸிமா எண்டு சொல்லுற தோல் வருத்தம். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால, கழுத்து எல்லாம் காஞ்சு வெடிச்சு இரவிரவா சொறிஞ்சு விடியக்க தலையணை உறையில ரத்தம் பட்டிருக்கும். பாக்கிற ஆக்கள் எல்லாரும் ஊத்தைதான் காரணம், நல்லா சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் குளிப்பாட்டுங்கோ, தேசிக்காய் பூசுங்கோ, தண்ணி கூடக் குடுங்கோ எண்டு சொன்னவை, நானும் வருஷக்கணக்கா அதையேதான் செய்தன். இப்ப நினைச்சாலும் நெஞ்சு பதைக்குது.

கிளினிக்கில ஒரு டொக்டர் ஆறுதலா இருந்து விளங்கப்படுத்தினவர். தோலின்ட மேல்படையில பிலாக்ரின் எண்டு ஒரு புரதம் இருக்கு, அது உடைஞ்சுதான் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சத்து வருது, அதுதான் தோலின்ட சொந்த ஈரம். அந்தப் புரதத்தின்ட மரபணுவில பிழை இருந்தா கரப்பன் வாற சாத்தியம் கூட எண்டு 2006இல கண்டுபிடிச்சிருக்கினம். எல்லாருக்கும் அதுவே காரணம் இல்லை, ஆனா கரப்பன் தோலில அந்த ஈரமும் குறைவு, கலங்களுக்கு நடுவில இருக்கிற கொழுப்பும் குறைவு, அதால உள்ளுக்க இருக்கிற தண்ணி நிக்காம வெளியால போகுது. பிள்ளை எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தோல் காயிறது அதாலதான். தோல் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, பீஎச் எண்டுற புளிப்பு அளவில 5 (எண் கூடினா புளிப்புக் குறைவு), சவுக்காரக் கட்டி 9, 10, அப்ப தேய்க்கத் தேய்க்க இருக்கிற கொஞ்ச ஈரமும் கொழுப்பும் போயிடும்.

கன்னியா வெந்நீர் ஊத்தில குளிச்சா மாறும் எண்டு மாமி ஆசையா கூட்டிக்கொண்டு போனவா, அண்டிரவு பிள்ளை ஒரு பொட்டும் நித்திரை கொள்ளேல்ல. கன்னியாவை நான் குறை சொல்லேல்ல, சூட்டுத் தண்ணி எங்க குளிச்சாலும் கரப்பன் தோலுக்கு ஆகாது.

இப்ப கிணத்துத் தண்ணியில அஞ்சு பத்து நிமிஷம் குளிக்க வாத்து, துவாயால ஒத்தி, ஈரம் காய முதலே வாசனை இல்லாத வெள்ளை வசிலின் பூசுறன். சந்தனம் மாதிரித் தொட்டுப் பூசி வேலையில்லை, பிள்ளைக்கே வாரத்துக்கு 250 கிராம் வேணும் எண்டு டொக்டர் சொன்னவர், விலையும் கட்டுப்படியாகுது. அடுப்படி, விளக்குப் பக்கம் மட்டும் கவனம், வசிலின் ஊறின துணி கெதியாப் பத்தும். சிவந்து நீர் வடிஞ்சா கிளினிக்குக்குத்தான் போக வேணும், அதுக்கு வசிலின் மட்டும் காணாது.

இன்னொண்டு. வகுப்பில என்ட பிள்ளையைத் தனி வாங்கில இருத்தினவை, மற்றப் பிள்ளையளுக்கு ஒட்டிடும் எண்டு. கரப்பன் தொட்டா ஒட்டாது. ரீச்சர்மாரே, அப்பிடி ஒரு பிள்ளை உங்கட வகுப்பில இருந்தா தயவுசெய்து நாளைக்கே சிநேகிதப்பிள்ளையளுக்குப் பக்கத்தில இருத்துங்கோ.

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை