உன் அரை வட்டு எப்படி இருக்கிறது?

அன்புள்ள மூக்கரசனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது நலமா என்று கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உன் முழங்கால் தேறியதா? மகளின் பரீட்சை முடிந்ததா? இங்கே அனைவரும் நலம். பெரியவர் வழக்கம்போல யாரையாவது திருத்திக்கொண்டிருக்கிறார். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வட்டைக் கெடுத்துவிட்டேன்.

2013-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்ட அந்தப் பூ-எர் வட்டைத்தான், வட்டாக அழுத்திப் பல ஆண்டு முதிரவைக்கும் அந்தச் சீனத் தேயிலையைத்தான் சொல்கிறேன். 357 கிராமை நடுவில் பிளக்கப் போய் நிகழ்ந்த கத்தி விவகாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆளுக்கு 178 கிராமும், மேசை நிறையத் தூளும் கிடைத்தன. பத்து ஆண்டுகளாவது தொடாமல் வைத்திருந்து, பிறகு இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்துக் குடித்துப் பார்ப்பது என்பது ஒப்பந்தம். நீ அதைக் காப்பாற்றியிருப்பாய். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல நாளுக்கு நான்கு முறை ஈரமானியைப் பார்க்கிறவன் நீ. நானோ என் பாதியை நறும்புகைப் பொருட்கள் இருந்த அலமாரிக்குள்ளேயே ஒன்றரை ஆண்டு வைத்திருந்தேன்.

தேயிலையையும் தூபத்தையும் ஒரே வீட்டில் வைக்கலாம், ஒரே கதவுக்குள் வைக்கக் கூடாது என்று நீ சொன்னது நினைவில்தான் இருக்கிறது. வீடு மாறிய அவசரத்தில் மேல்தட்டில் அகில் டப்பா, சந்தனத் தூள், சாம்பிராணி, குந்திரிக்கம், கீழ்த்தட்டில் வட்டு என்று அடுக்கிவிட்டு, எல்லாம் தற்காலிகம்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தற்காலிகம் பதினெட்டு மாதம் நீடித்தது. ஒரு நாள் அக்கா மகன் எதையோ தேடி அலமாரியைத் திறந்தவன், "மாமா, தேயிலைக்குள் சோப்பு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். அவன் நம் பைத்தியத்தில் அணுவளவும் பங்கில்லாதவன் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் கூடுதலாகத் தைத்தது.

காய்ந்த தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததா? மல்லிகைத் தேயிலையே அந்தக் குணத்தை நம்பித்தான் செய்யப்படுகிறது. இரவில் விரியப் போகும் மொட்டுகளை இலையோடு கலந்து வைத்து, காலையில் வாடிய பூவைப் பிரித்தெடுத்துவிட்டு, அடுத்த இரவு புதுப் பூவைச் சேர்க்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதை நான் கவனமின்மையால் செய்தேன். பூ-எர் முதிர்வதற்குக் காற்று வேண்டும் என்று நாம் அதை டப்பாவில் அடைக்காமல் வெறும் காகிதத்தில் சுற்றி வைப்பதால், அது இந்த ஆபத்துக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

முதலில் அகிலைத்தான் சந்தேகித்தேன். பிறகு அதனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். நல்ல அகில் கட்டை சூடு படும் வரை ஏறக்குறைய வாயே திறக்காது. குந்திரிக்கமும் அடக்கமானதுதான். சாம்பிராணி மட்டும் தன்னிடமுள்ள வனிலினை, அதாவது வனிலாவின் மணப்பொருளை, மூடிக்குள்ளிருந்தே கொஞ்சம் கசியவிடும். ஆனால் சோப்பு மணம் அதனுடையதன்று. தட்டின் பின்மூலையில், சின்னவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த அந்த ஊதா நிற ஊதுவத்திப் பெட்டி கிடந்தது. கொளுத்தவும் மனமில்லாமல், எறியவும் தைரியமில்லாமல் நான் ஒளித்து வைத்த பெட்டி. அட்டையைத் தாண்டி, டப்பாக்களைத் தாண்டி, என் பத்தாண்டுப் பொறுமைக்குள் புகுந்தது அதுதான். சின்னவரிடம் இதைச் சொல்லிவிடாதே.

இந்த இடத்தில் நான் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு பத்தி பொறுத்துக்கொள். மூங்கில் குச்சியில் கரித்தூளையும் பசையையும் உருட்டி, செயற்கை மணத்தை டைஎதில் தாலேட் போன்ற கரைப்பானில் கலந்து தோய்த்தெடுத்த வத்தி, முதல் நொடியிலிருந்து கடைசிச் சாம்பல் வரை ஒரே சொல்லையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையான மரமும் பிசினும் அப்படிச் செய்வதில்லை. சாம்பலுக்குள் கனலும் கரித்துண்டைப் புதைத்து, மேலே அப்பிரகத் தகட்டை வைத்து, அரிசி மணியளவு அகிலை அதன்மேல் இட்டால், முதலில் ஓர் இனிப்பு வருகிறது. சில நிமிடங்களில் அது குளிர்ந்து கசப்பாகிறது. முடிவில் பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற உலர்ந்த மணம் மட்டும் தங்குகிறது. குந்திரிக்கத்துக்கு மெல்லிய சூடு கொடுத்தால் எலுமிச்சைத் தோலை நினைவூட்டும். நெருப்பின்மேல் நேராகப் போட்டால் கருகிய நெடியைத் தவிர வேறொன்றும் தராது. அந்த மாற்றத்துக்காகத்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம்? தேயிலையிடமும் நாம் கேட்பது அதையேதான்.

இயற்கையானது என்பதாலேயே புகை நல்லதாகிவிடும் என்று நான் இப்போது வாதிடுவதில்லை. எரிகிற எதுவும் நுண்துகள்களைக் காற்றில் விடும். அகில் என்றால் நுரையீரல் மரியாதை காட்டப் போவதில்லை. சன்னலைத் திறக்கச் சொல்லி நீ ஆண்டுக்கணக்காகக் கத்தியது சரிதான். பெரும்பாலான நாட்களில் இப்போது மின்சூட்டில்தான் கட்டையைச் சூடாக்குகிறேன். புகை கண்ணுக்குத் தெரிந்தால் சூடு மிகுதி என்று பொருள்; குறைத்துவிடுகிறேன்.

சரி, பதினெட்டு மாதமாக அந்த அலமாரியை நானே பலமுறை திறந்திருக்கிறேனே, எனக்கு ஏன் தெரியவில்லை? நீ இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருப்பாய். எட்டு மாத மௌனத்துக்கு உண்மையான காரணம் இதில்தான் இருக்கிறது. வீடு மாறிய சில வாரங்களில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டரை மாதம் எனக்கு எந்த மணமும் இல்லை. உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மூக்கை வைத்தே நட்புக் கொண்டவர்களிடம் மூக்கு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

நாவுக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய சில மட்டுமே என்பதையும், சுவை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம் என்பதையும் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அது எவ்வளவு உண்மை என்பது அப்போதுதான் தெரிந்தது. மிக நல்ல தேநீர் எனக்குச் சூடான கசப்பு, அவ்வளவே. மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை அது: ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். ஒன்றுமே தெரியாத சீசாவை முன்னால் வைத்துக்கொண்டு கிராம்பை நினைவிலிருந்து வரவழைக்க முயல்வது எத்தகைய வேலை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் திரும்பியது கிராம்புதான். ஆனால் திரும்பியவை எல்லாம் சரியான முகத்தோடு திரும்பவில்லை. காப்பி பல வாரம் எரிந்த ரப்பராக இருந்தது, சந்தனம் ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் தூங்காமல் கிடக்கிறேன்.

வட்டுக்கு வருகிறேன். ஊதாப் பெட்டியை வெளியேற்றினேன். குத்தூசியால் வட்டின் விளிம்பைக் கலைத்து, மெருகிடாத மண்சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத காற்றோட்டத்தில் நான்கு மாதம் வைத்தேன். மேலடுக்கு இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வட்டு கல்லைப் போல அழுத்தியது. நம் கத்தியைக் கேட்டுப்பார். நடுப்பகுதிக்குள் மணம் போகவே இல்லை. சென்ற வாரம் நடுவிலிருந்து 6 கிராம் எடுத்து, மூடிக் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கீழே கொட்டிவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஊற்றினேன். இரண்டாம் ஊற்றில் கற்பூரச் சாயல். நான்காவதில் ஈரமான மரப்பட்டை. ஆறாவதில் உலர்ந்த பழம். பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு தொண்டையிலிருந்து மேலேறியது. பதினொன்றாம் ஊற்று வரை போனேன். பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால், 2013-இல் இதே வட்டைப் பற்றி "பச்சைக் கசப்பு, லேசான புகை, நாக்கைப் பிடிக்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.

மகிழ்ச்சியில் குதித்திருக்க வேண்டும். பாதி மணி நேரம் குதிக்கவும் செய்தேன். அதற்குப் பிறகுதான் குறிப்பேட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரே அகில் கட்டை, ஒரே டப்பா. முதல் ஆண்டு "மருந்துக்கடை" என்று எழுதியிருக்கிறேன், நான்கு ஆண்டு கழித்து "தேன்", காய்ச்சலுக்குப் பிறகு "ஈர மண், கொஞ்சம் பால்". மூடிய டப்பாவுக்குள் கட்டை அவ்வளவு மாறியிருக்க வழியில்லை. அப்படியானால் வட்டில் நான் கண்டது வட்டின் முதிர்ச்சியா, என் மூக்கின் கோணலா? தேயிலை மாறுவது உண்மை. ஈரமும் சூடும் மிகுந்த ஹாங்காங் சேமிப்பில் விரைவாகவும், வறண்ட குன்மிங்கில் மெதுவாகவும் மாறும் என்பதை நாம் குடித்தே அறிந்திருக்கிறோம். அந்த மாற்றத்தைச் சில வாரங்களில் கொண்டுவரத்தானே 1970-களில் சீனாவின் யுன்னானில், இலையை நனைத்துக் குவித்து நொதிக்கவிடும் ஈரக்குவியல் முறையைப் புகுத்தினார்கள். பெரியவர் அதைப் புகை போட்டுப் பழுக்கவைத்த வாழைத்தார் என்று இன்றும் தொடவே மாட்டார். தேயிலை மாறுகிறது, நானும் மாறியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து மாறும்போது எதை வைத்து எதை அளப்பது?

ஜப்பானில் நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் ரன்ஜதாய் என்ற அகில் கட்டை இருக்கிறதே, ஒன்றரை மீட்டர் நீளம், 11.6 கிலோ எடை. அதைப் பற்றி முன்பு நாம் ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறோம். போர்த்தலைவர் ஓடா நொபுனாகா 1574-இல் அதிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டார். மெய்ஜி பேரரசருக்காக 1877-இல் இன்னொரு துண்டு வெட்டப்பட்டது. வெட்டிய இடங்களில் சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த இருவரும் ஒரே மணத்தையா நுகர்ந்தார்கள் என்று நீ அன்று கேட்டாய், நான் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. அவர்கள் மொழியில் நறும்புகையை 'கேட்பது' என்கிறார்கள் என்று நீ சொன்னபோது, நம் முன்னோர் கூந்தலுக்கு அகிற்புகையை 'ஊட்டினார்கள்' என்று நான் பதிலடி கொடுத்தேன். நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது, இன்று என்ன ஆயிற்று என்று பெரியவர் இருவரையும் அடக்கினார். சொல்லே இப்படிக் குணம் மாறும்போது என் குறிப்பேட்டை மட்டும் நான் எப்படி நம்புவது?

என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அதற்கு நீ வேண்டும். கெஞ்சிக்கோ என்ற ஜப்பானிய நறும்புகை விளையாட்டு நினைவிருக்கிறதா? ஐந்து வகை நறும்புகை, வகைக்கு ஐந்து பொட்டலம். இருபத்தைந்தையும் கலைத்து ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, எது எதோடு ஒன்று என்று சொல்ல வேண்டும். ஐந்து நேர்கோடுகள் போட்டு, ஒன்றாகத் தோன்றியவற்றின் தலையை இணைத்தால் 52 வடிவங்களில் ஒன்று வரும். அதைத் தேயிலையில் விளையாடுவோம். இந்தக் கடிதத்தோடு என் நடுப்பகுதியிலிருந்து 30 கிராம் அனுப்புகிறேன். உன் பாதியிலிருந்தும், நீ விரும்பினால் வேறு எந்தத் தேயிலையிலிருந்தும் எடுத்து, ஐந்து கிராம் வீதம் ஐந்து பொட்டலம் கட்டி, எண்ணை மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. எத்தனை வகை என்பதைச் சொல்லாதே. ஐந்தும் ஒன்றாகவே இருந்தாலும் சரி. விடையை மூடிய உறையில் பெரியவரிடம் கொடுத்துவை. உன்னிடம் இருந்தால் கடிதத்திலேயே கண்சிமிட்டிவிடுவாய்.

நான் ஒருமுறை கோட்டைப் போட்டு அனுப்பியதும், அதேபோன்ற ஐந்து பொட்டலத்தை யாரையாவது கலைக்கச் சொல்லி நீயும் குடித்துப் பார்த்து உன் கோட்டைப் போட வேண்டும். உன் மூக்கு காய்ச்சல் காணாதது என்று ஏமாற்ற நினைக்காதே. உனக்கும் வயது ஏறுகிறது.

பொட்டலத்துக்கு இரட்டைத் தாள் சுற்றியிருக்கிறேன். வந்ததும் உன் பாதி இருக்கும் அலமாரியில் வைத்துவிடாதே. முதலில் மகளிடம் கொடுத்து, சோப்பு மணக்கிறதா என்று கேள். மணந்தால் உடனே எழுது. நடுவிலும் நடுவிலிருந்து எடுத்து மறுபடி அனுப்புகிறேன்.

உன்,
அரை வட்டுக்காரன்